பாதி வறுத்த கிழங்கு

"கிறிஸ்துமஸ் நாளைக்கு. இவ இன்னைக்கே கிழங்கை வறுத்து வைக்குதா. எங்கயாவது கேட்டிருக்கியாட்டி?"

நேசபாய் வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற மார்த்தாளிடம்தான் கேட்டாள். ஆனால் குரல் அடுக்களைக்குள் இருந்த மருமகள் பூங்கனிக்காக எழுப்பியது.

"இன்னைக்கேயா? நாளைக்கு அது சவசவன்னுல்லா கெடக்கும்" என்றாள் மார்த்தாள்.

"நாகர்கோவில்காரி. படிச்ச பிள்ளையாக்கும். கிழங்குக்கும் பாடம் எடுப்பா."

குலசேகரத்துப் பக்கத்தில் கிழங்கு என்றால் மரச்சீனி என்கிற மரவள்ளிதான். உருளைக்கிழங்கு கிறிஸ்துமஸுக்கு மட்டும் வரும். மகன் ஆபேல் திருவனந்தபுரத்தில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவருவான். மிஷன் பங்களாவில் துரைசாணிக்குச் சமைத்துப் போட்டவள் நேசபாயின் அம்மை. சுதந்திரம் வந்ததும் அந்தத் துரைசாணி கப்பலேறிவிட்டாள். கிழங்கு வறுக்கும் பக்குவம் மட்டும் நேசபாயின் கையில் நின்றுவிட்டது.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கோயிலில் ஆராதனை முடிந்ததும் போதகரும் சொந்தக்காரர்களும் நேராக அவள் வீட்டுக்குத்தான் சாப்பிட வருவார்கள். அவர்கள் கை கழுவும்போதுதான் கிழங்கு எண்ணெயில் விழவேண்டும். அது நேசபாய் போட்ட சட்டம். இதுவரை யாரும் மீறியதில்லை.

அடுக்களைக்குள் போய்ப் பார்த்தாள். அவித்துத் தோலுரித்த கிழங்கெல்லாம் இளம் மஞ்சளாக வறுபட்டு வாழையிலையில் பரந்து கிடந்தது.

"என்னட்டி கோலம் இது?"

"பாதி வறுத்திருக்கேன் மாமி. நாளைக்கு இன்னொருக்கா எண்ணெயில போட்டா மொறுமொறுன்னு வந்திரும்."

"பாதி வறுக்கிறதும் பாதித் தலை சீவுறதும் ஒண்ணுதான். போதகர் வாயில வைக்கிற சாமானாக்கும்."

பூங்கனி கிழங்கின் மேல் இன்னொரு இலையை மூடினாள். இறைச்சிக்கு மசாலாவும் அரைத்து உருட்டி வைத்திருந்தாள். தேங்காய் துருவி மூடியிருந்தது. நாளைய வேலையில் முக்கால்வாசி இன்றைக்கே முடிந்திருந்தது.

நேசபாய்க்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்துமஸ். ஆபேல் பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்திருக்கிறான். அதைக் கட்டிக்கொண்டு கோயிலில் முன்வரிசையில் மினுக்க வேண்டாமா? அதற்குத்தான் இந்த அவசரமெல்லாம்.

தின்பண்டத்தைத் தேடி வந்த மகனிடம் சொன்னாள். "உனக்க பெண்டாட்டி நாளைக்குக் கோயில்ல சேலை காட்டப் போறா. நான் இங்க இருந்து அவ வறுத்த மிச்சத்தை வறுக்கணும்."

"அம்மா, சும்மா இரி."

"இருக்கேன் மக்கா. தலையணை மந்திரம் பலிச்ச வீட்டுல வேற என்ன செய்ய?"

மறுநாள் காலையில் முதல் மணி அடித்தது. கேட்கவேண்டிய கேள்வியை நாக்கில் தீட்டி வைத்துக்கொண்டு நேசபாய் அடுக்களைக்கு வந்தாள்.

பூங்கனி நேற்றைய சேலையோடு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, கோயிலுக்குக் கிளம்பல்லியா?"

"நான் போகல்ல மாமி. நீங்க போங்க. உங்க சேலையைக் கட்டில்ல எடுத்து வச்சிருக்கேன்."

"நானா? அப்ப அடுக்களை?"

"மிச்சமுள்ளது ஒருத்தி செய்யிற வேலைதான். நான் பாத்துக்கிடுவேன்."

"கெட்டுப்போச்சுன்னா?"

"வந்து ஏசுங்க."

நேசபாய் மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். சேலைக்காக இல்லை, அப்படியானால் சங்கதி அதைவிடப் பெரிது. கிழங்குக்கு இத்தனை வருஷமாக அவள் வாங்கி வைத்திருக்கிற பெயரை இந்த ஒரே காலையில் இவள் தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறாள்.

நல்லது, பறிக்கட்டும். போதகர் முன்னால் கிழங்கு சவசவவென்று வந்து நிற்கட்டும். அப்போது தெரியும் யார் கைப்பக்குவம் எப்படி என்று.

அவள் விறுவிறுவென்று சேலையை மாற்றிக்கொண்டு மகனோடு இறங்கினாள். ரப்பர் மரங்களுக்கிடையே வழி ஈரமாகக் கிடந்தது. கோயிலில் பாட்டு தொடங்கிவிட்டிருந்தது.

"அடுக்களையையும் பிடுங்கிட்டாடா உனக்க பெண்டாட்டி. மாமியாரைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளணும்னா இப்பிடியா ஒரு தந்திரம்? ஒரு நாள் முன்னாலயே உக்காந்து கிழங்கு வறுத்திருக்கா பாரு. என்ன ஒரு மூளை."

ஆபேல் முன்னால் நடந்தான். கோயில் படிக்கட்டுக்கு வந்ததும் நின்றான். அம்மையின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"போன வாரம் அவ என்னிட்ட ஒண்ணு கேட்டா அம்மா. 'கிறிஸ்துமஸ் ஆராதனையில மாமி எந்தப் பெஞ்சில இருப்பாங்க, நானும் பக்கத்துல இருக்கலாமே'ன்னு. நான் பிறந்த நாள்லேருந்து எல்லாக் கிறிஸ்துமஸுக்கும் இந்த நேரத்துல நீ அடுக்களையிலதானே நிக்க. அதைத்தான் அவளிட்ட சொன்னேன்."