ஐந்து மணிக்குள் பத்துப் பேர்

ஐந்து மணிக்குள் பத்துப் பேர் சேராவிட்டால் மாலைநேரக் கம்ப்யூட்டர் வகுப்பு ரத்து. ஆசிரியைக்கு வேலையும் போய்விடும். வராந்தாவில் பன்னிரண்டு பேர் காத்து நின்றார்கள். அலுவலகக் கம்ப்யூட்டர் திரையிலோ பூஜ்யம்.

"அண்ணே, ஆளுங்க கண்ணெதிர்ல நிக்கறாங்க. பதிவு பண்ணுங்களேன்," என்றார் ஆசிரியை.

"நிக்கறது கணக்கில்லம்மா, திரையில தெரியணும்," என்றார் எழுத்தர்.

"தள்ளுங்க, நானே பண்றேன்."

"ஐயய்யோ! டீச்சருங்க தொடக்கூடாதுன்னு உத்தரவு. எழுத்தர்தான் பண்ணணும்."

"அப்ப நீங்க பண்ணுங்க! அஞ்சு நிமிஷம்தான் இருக்கு!"

எழுத்தர் எழுந்து வராந்தாவுக்குப் போய், வரிசையின் கடைசியில் பதின்மூன்றாவது ஆளாக நின்றுகொண்டார்.

"பண்ணத் தெரிஞ்சா பண்ணியிருக்க மாட்டேனா? அதைக் கத்துக்கத்தானேம்மா எழுத்தருங்க அத்தனை பேரும் உன் வகுப்புக்கு வந்து நிக்கிறோம்!"