மாப்பிள்ளை மச்சு

மாப்பிள்ளைக்கென்று கட்டிய மச்சில் பெண்ணின் அண்ணன் படுத்திருந்தான். கீழே கூடத்தில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஷாஹுல் ஒரு சொல் விடாமல் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான்.

"மாப்பிள்ளைக்கு எந்த ஊரு, பாய்?" என்றார் வந்திருந்த ராஜரத்தினம்.

"மோல்மேன் பக்கம், அண்ணே. எங்காளுங்கள்ல மாப்பிள்ளைதானே பொண்ணு வீட்டோட வந்து இருக்கணும். கீழ இருக்கிறது இந்த ஒரு கூடம். அதான் மேல மச்சு எழுப்பிட்டேன்" என்றார் வாப்பா பீர் முகைதீன்.

வாப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. இந்த ஒரு பொய்யை மட்டும் பபேடான் தெரு முழுக்கச் சொல்லிச் சொல்லி, இப்போது அவரே பாதி நம்ப ஆரம்பித்திருந்தார். உண்மையில் தங்கை ஃபஹீமாவுக்கு யாரையும் பேசி முடிக்கவில்லை.

ஊரில் வயதுப் பையன்களைக் குலுக்கல் போட்டுப் பட்டாளத்துக்கு எடுக்கிறார்கள். ஷாஹுல் பாங்காக் போய்விட்டான் என்று வீட்டார் தெருவில் சொல்லி வைத்தார்கள். ஆனால் மறைவிடம் கட்டும் சுத்தியல் சத்தத்தை எதைச் சொல்லி மறைப்பது? அதற்குத்தான் இந்தக் கல்யாணம்.

தன்லியினிலிருந்து வந்த ஆசாரி தேவராஜ் வேலையைக் கச்சிதமாக முடித்துக் கொடுத்தார். மரப்படி ஏறினால் கட்டிலும் கண்ணாடியுமாக மாப்பிள்ளை அறை. அதன் பின்பக்கப் பலகையைப் பார்ப்பவர்கள் வீட்டுச் சுவர் அதோடு முடிந்தது என்றுதான் நினைப்பார்கள். பலகைக்கும் நிஜச் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கலாம். எழுந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும்.

அந்த இடுக்கில் கிடந்து கிடந்து ஷாஹுலுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்திருந்தது. பட்டாளத்துக்குத் தப்பி ஜெயிலுக்கு வந்த கதை. அதற்கும் வாப்பாவே காவல்.

ராஜரத்தினம் சாதாரண விருந்தாளி இல்லை. நூறு வீட்டுக்குத் தலைவர். எந்த வீட்டில் எந்த வயதில் பையன் இருக்கிறான் என்று மேலதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டியவர். வழக்கமாக இரண்டு ஆட்களோடு வருபவர், இன்று தனியாக வந்திருந்தார்.

"உங்க பையன் வடிவேல் நல்லாருக்கானா, அண்ணே? முன்னெல்லாம் ஷாஹுலோட பந்து விளையாட வருவான்" என்று உம்மாவின் குரல் கேட்டது. பேச்சை வேறு பக்கம் திருப்பப் பார்க்கிறாள் என்று ஷாஹுலுக்குப் புரிந்தது.

"வீட்டுலதான் இருக்கான், தங்கச்சி" என்றார் ராஜரத்தினம். "பாய், மச்சைக் கொஞ்சம் பாத்துக்கலாமா?"

"டீ ஆறிடும், அண்ணே."

"ஆறட்டும்."

மரப்படி முனகியது. ஷாஹுல் மூச்சைப் பிடித்துக்கொண்டான். முன்னால் ராஜரத்தினம், பின்னால் வாப்பா. காலடிச் சத்தத்தை வைத்தே யார் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்லிவிடுவான். மச்சு அவனுக்கு அதைப் பழக்கிவிட்டிருந்தது.

"வேலை சுத்தமா இருக்கே. ஆசாரி யாரு?"

"தன்லியின் ஆளு. தேவராஜுன்னு பேரு."

"வெளிய பேசமாட்டாரா?"

ராஜரத்தினத்தின் விரல்கள் பலகையைத் தட்டின. டொக், டொக். ஷாஹுலின் முகத்துக்கு நேரே கேட்டது.

"படுத்துப் புரண்டா கீழ சத்தம் கேக்குமா, பாய்?"

"மாப்பிள்ளை அப்படிப் புரள்றவர் இல்லண்ணே" என்றார் வாப்பா.

"இவ்ளோ வேக்காடா இருக்கு. ஜன்னல் ஒண்ணும் காணோம். மனுசன் எப்படிக் கிடப்பான்?"

அந்த நேரம் பார்த்துத் தெருவில் பிள்ளைகள் "மீ லாபீ" என்று கூவினார்கள். காலையிலிருந்து போயிருந்த கரண்ட் வந்துவிட்டது. கரண்ட் போனபோது ஷாஹுல் சுவிட்சை அணைக்க மறந்திருந்தான். காலடியில் இருந்த சின்ன ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பித்தது.

குனிந்து எட்ட இடமில்லை. காலால் துழாவி ஒயரைப் பிடுங்கினான். ஃபேன் கடகடவென்று பலகையில் இடித்துவிட்டு நின்றது.

"எலித் தொல்லை, அண்ணே" என்றார் வாப்பா.

"எலிக்கு ஃபேன் வாங்கிக் குடுத்திருக்கீங்க."

அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று ஷாஹுலுக்குத் தோன்றியது. பயத்தைவிட வாப்பாவை நினைத்துத்தான் அழுகை வந்தது. தன்னைக் கூட்டிப்போவார்கள், சரி. ஒளித்து வைத்ததற்கு அவரையும் விடமாட்டார்களே. தானாக வெளியே வந்துவிட்டால் அவரையாவது விடுவார்களோ என்று பலகையில் கை வைத்தான்.

கீழேயிருந்து உம்மா ஓடி ஏறி வரும் சத்தம் கேட்டது. "அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எங்களுக்கு இருக்கிறது ஒரு பையன்."

ராஜரத்தினம் மாப்பிள்ளைக் கட்டிலில் உட்கார்ந்தார். கட்டில் கிறீச்சிட்டது. இப்போது அந்தக் குரலில் அதிகாரம் இல்லை.

"வீட்டோட மாப்பிள்ளை எடுக்கிற வழக்கம் எங்காளுங்கள்ல இல்லையே, பாய். வடிவேலுக்கு நான் என்ன சொல்லி மச்சு கட்டுறது?"