பெயர் அழிந்த மதியம்

அலுவலக நெட்வொர்க்கில் கணக்குப் பிரிவின் பட்டியலை இடம் மாற்றப்போன ரெஜினாவின் விரல் தவறி, அந்தப் பிரிவிலிருந்த எல்லோரும் கணினிக்குள் நுழையும் பெயர்கள் அழிந்துபோயின. அழித்ததை மீட்க ஒரு வழி வையுங்கள் என்று மென்பொருள்காரர்களிடம் அவள் பல வருஷமாகக் கேட்டும் பயனில்லை. இனி ஒவ்வொரு பெயராக அவளேதான் திரும்ப ஏற்ற வேண்டும். கணினிக்குள் நுழைய முடியாத ஆட்களெல்லாம் கீழே தூங்குமூஞ்சி மரத்தடிக்குப் போய்விட்டார்கள்.

வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அவள் தலை நிமிராமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அப்போது, கணக்குப் பிரிவில் யாரிடமும் பேசாத சிவநேசன் தலையெல்லாம் இளஞ்சிவப்புப் பூக்களோடு வந்து நின்றார்.

"மேடம், என் பேரைக் கடைசியா போடுங்களேன்."

"ஏன் சார்?"

"கீழே எல்லாரும் பாடுறாங்க. அடுத்து என்னைப் பாடச் சொல்லியிருக்காங்க."

தண்ணீருக்குள் நடப்பவர்போல அவர் மெல்லப் படியிறங்கினார். ரெஜினா பாதிப் பெயரில் நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்தாள்.