மருமகள் மூடிய இலை

நாலே வாய்தான் சாப்பிட்டாள் புது மருமகள் மோனிஷா. இலையை மூடிவிட்டு விறுவிறுவென்று கைகழுவப் போய்விட்டாள்.

பந்தியில் சொந்தபந்தம் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. கிடாய் வெட்டிக் கறிவிருந்து போட்ட மாமனார் தங்கதுரைக்கு முகம் கறுத்துவிட்டது.

"பாத்தியா மயிலாத்தா, உன்ற மருமகள?" என்று மனைவியிடம் பல்லைக் கடித்தார். "நம்ம ஊட்டுச் சோறு அம்மணிக்கு எறங்கலையாமா!"

"மெதுவாப் பேசுங்க. ராத்திரி படுக்கறதுகூட இல்லீங்க. தலகாணிய அடுக்கி வெச்சு உக்காந்துட்டேதான் தூங்கறா."

"திமிரு! வேறென்ன?"

அவருக்கு இந்தச் சம்பந்தமே பிடிக்கவில்லை. பெண்ணின் அம்மா அன்புசெல்வி ஒரு காலத்தில் அவருடைய பனியன் கம்பெனியில் தைத்த துணிகளைச் சரிபார்க்கும் பீஸ் செக்கிங் வேலை பார்த்தவள். விட்டுவர ஆளில்லை என்று குழந்தையையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவாள். ஷிப்மென்ட் நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். அந்தக் கடுப்பு அவருக்கு இன்னும் ஆறவில்லை. மகன் ஒற்றைக்காலில் நின்றதால்தான் கல்யாணத்துக்கே தலையாட்டினார்.

மகன் ஓடிவந்தான். "சத்தம் போடாதீங்கப்பா. அவளுக்கு உணவுக்குழாயே இல்லீங்க. சின்ன வயசுல வெந்துபோச்சுன்னு குடல்ல ஒரு துண்ட எடுத்து வெச்சுத் தெச்சிருக்காங்க. இத்தன வருஷம் கழிச்சு இப்ப அதுவும் சுருங்கிட்டு வருது. நாலு வாய்க்கு மேல சிக்கிக்கும். படுத்தா, சாப்பிட்டது மேல ஏறி வந்துரும்."

"வெந்துபோச்சா? எப்படிடா?"

"தண்ணி பாட்டில்னு நெனச்சு ஆசிட்டக் குடிச்சிட்டாளாமாங்க."

தங்கதுரைக்கு ரத்தம் கொதித்தது. மருமகள் மேலிருந்த கோபமெல்லாம் அவளைப் பெற்றவள் மேல் திரும்பியது. நேரே பந்தியில் உட்கார்ந்திருந்த அன்புசெல்வி முன்னால் போய் நின்றார். சம்பந்தி என்ற மரியாதையெல்லாம் காற்றில் பறந்துவிட்டது.

"ஏம்மா, கொழந்தை இருக்கற எடத்துல ஆசிட்டத் தண்ணி பாட்டில்லயா ஊத்தி வெப்பாங்க? பச்சப்புள்ள வாழ்க்கையே போச்சே! இந்த வேலையப் பண்ணுனவங்கள ஜெயில்ல போடோணும்!"

அன்புசெல்வி எழுந்து நின்றாள். இத்தனை வருஷம் அடக்கி வைத்த ஆத்திரம் குரலில் வெடித்தது.

"அது எங்க ஊட்டு பாட்டில் இல்லீங்க மொதலாளி, கறை எடுக்க உங்க செக்கிங் டேபிள்ல வெச்சிருந்ததுங்க."