ரெண்டு ட்யூப் ரத்தம்

“ரெண்டும் உறைஞ்சுபோச்சு. மறுபடி எடுத்துட்டு வாங்க டாக்டர்.”

லேப் ஜன்னலுக்குள்ளிருந்து டெக்னீஷியன் அம்மா சொன்னது, வரிசையில் நின்ற பத்துப் பேருக்கும் நன்றாகவே கேட்டது.

பயிற்சி டாக்டருக்கு முகம் சுண்டிப் போயிற்று. வேலையில் சேர்ந்து இன்று ஒன்பதாவது நாள். இந்த ஊருக்கு வந்து பத்தாவது நாள். மூன்றாவது மாடியில் ஓர் அறை, எட்டு மணிக்கு நின்றுவிடும் தண்ணீர், எங்கே போகிறதென்றே பிடிபடாத பஸ்கள். இதற்கு நடுவில் தினமும் இருபது பேருக்கு ரத்தம் எடுத்துப் பத்து மணிக்குள் லேபில் கொடுத்தாக வேண்டும்.

“நல்லாத்தான் கலக்கினேன் மேடம். அந்த ட்யூப்ல உறையாம இருக்க மருந்துகூட இருக்கே.”

“எனக்கே பாடமா? இந்தத் தடவை ரத்தம் எடுத்த கையோட, கட்டில் பக்கத்துல நின்னு, நோயாளி கையில கட்டியிருக்கிற பேர்ப்பட்டையைப் பார்த்துப் பேரெழுதுங்க.”

இது வேறா என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது. நர்ஸ் மேஜையில் உட்கார்ந்து இருபது ட்யூபிலும் முன்கூட்டியே பேரெழுதி அடுக்கிக்கொள்வது அவனாகக் கண்டுபிடித்த வழி. பத்து நிமிஷம் மிச்சமாகும். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் வயிற்றுக்குள் ஏதாவது போகும்.

ஆஸ்பத்திரி முழுக்க அந்த அம்மாவை ‘முசுடு’ என்றுதான் சொல்வார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வார்டுக்கு நடந்தான்.

ஏழாம் கட்டிலில் பஸ் டிரைவர். எட்டில் தையல்காரர். ரெண்டு பேருக்கும் மறுநாள் ஆபரேஷன். ரத்தம் ஏற்ற வேண்டிவருமே என்று குரூப் பார்க்கக் கொடுத்த ட்யூப்களைத்தான் அந்த அம்மா வேண்டாமென்று தள்ளியிருந்தார்.

“மறுபடியுமா?” டிரைவர் கையை நீட்டினார். “ஆபரேஷனுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க தம்பி.”

தையல்காரர் சிரிக்கவில்லை. “ஊசி பிடிக்கத் தெரியாதவங்களை எல்லாம் அனுப்பறாங்க,” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

சுருக்கென்றது. பேசாமல் எடுத்து, கைப்பட்டையைப் பார்த்துப் பேரெழுதி, கொண்டுபோய்க் கொடுத்தான். அந்த அம்மா வாங்கி வைத்துக்கொண்டார்.

படிக்கட்டில் நின்று ஊரிலிருக்கும் தன் அம்மாவுக்குப் போன் செய்தான்.

“எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கிட்டாங்கம்மா. வந்துடட்டுமா?”

“இந்த ஒரு வருஷப் பயிற்சி முடிஞ்சாத்தானே நீ டாக்டர்? பல்லைக் கடிச்சுக்கிட்டு இருடா.”

அவன் பல்லைக் கடிக்கவில்லை. உட்கார்ந்து ஒரு பக்கத்துக்குப் புகார் எழுதினான். ‘வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறார்’ என்பதற்கு அடிக்கோடும் போட்டான்.

பெரிய டாக்டர் அதை ரெண்டு தடவை படித்தார்.

“உறைஞ்சதுன்னா சொன்னாங்க?”

“ஆமா சார்.”

“அந்த ரெண்டு ட்யூபையும் வாங்கிட்டு வாங்க. பார்க்கலாம்.”

லேபில் அந்த அம்மா அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தார்.

“அது எதுக்கு இப்போ? விடுங்க டாக்டர்.”

“பெரிய டாக்டர் கேட்டார். உங்க மேல புகார் கொடுத்திருக்கேன்.”

அவர் டப்பாவை மூடிவிட்டு, குளிர்பெட்டியின் மூலையிலிருந்து ரெண்டு ட்யூபை எடுத்துக் கொடுத்தார். அவன் ஒன்றைச் சாய்த்தான். ரத்தம் தண்ணீராக ஓடியது.

“உறையவே இல்லையே மேடம். பொய்தானே சொன்னீங்க?”

“பொய்தான்.” அந்த அம்மா ஜன்னலுக்கு வெளியே யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “அந்த டிரைவர் வருஷா வருஷம் இங்கேதான் ரத்தம் கொடுப்பார். ஓ குரூப். அவர் பேரெழுதி நீங்க கொடுத்த ட்யூப்ல பி குரூப் வந்தது. தையல்காரர் பேர்ல இருந்த ட்யூப்லதான் ஓ.”

மேஜையில் வரிசையாக அடுக்கிய ட்யூப்கள் அவன் கண்ணுக்குள் வந்தன. ஓ குரூப்காரருக்கு பி ரத்தம் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“மத்த பதினெட்டையும் பழைய ரிப்போர்ட்டோட ஒத்துப் பார்த்துட்டேன். சரியா இருக்கு. பயப்படாதீங்க.”

“இதை அப்பவே சொல்லியிருக்கலாமே மேடம்?”

“பேர் மாறினதுன்னு எழுதினா விசாரணை வரும். பயிற்சியை ஆறு மாசம் நீட்டிப்பாங்க. உறைஞ்சதுன்னு எழுதினா உங்களுக்கு என்மேல கோபம் வரும், அவ்வளவுதானே. உறைஞ்சதைக் கொட்டிட்டாங்கன்னு போய்ச் சொல்லுங்க. நான் பார்த்துக்கறேன்.”

பெரிய டாக்டரின் அறை வரைக்கும் நடந்த நடை அவனுக்கு நீளமாக இருந்தது. உறைந்ததைக் கொட்டிவிட்டார்கள் என்று சொன்னால் போதும். பயிற்சி தப்பிக்கும். அம்மா சந்தோஷப்படுவாள்.

“கொண்டு வந்தீங்களா?”

“கொண்டு வந்தேன் சார். உறையலை. நான்தான் பேரை மாத்தி எழுதிட்டேன்.” ட்யூப்களை மேஜைமேல் வைத்தான். “அவங்க மேல ஒரு தப்பும் இல்லை. பயிற்சியை நீட்டிச்சாலும் பரவாயில்லை சார்.”

பெரிய டாக்டர் புகாரை நாலாக மடித்து அவன் கையிலேயே கொடுத்தார்.

“நான் பயிற்சிக்கு வந்தப்போ அதே ஜன்னல்ல எனக்கும் மூணு ட்யூப் உறைஞ்சுது. நானும் இப்படித்தான் புகார் கொடுத்தேன். ட்யூபைக் கொண்டு வான்னு சொல்ல அன்னைக்கு யாரும் இல்லை. விசாரணையில அந்த அம்மா கடைசி வரைக்கும் உறைஞ்சதுன்னேதான் சொன்னாங்க. அவங்க பதவி உயர்வை நிறுத்திட்டாங்க. அதான் இன்னும் அந்த ஜன்னல்லயே உட்கார்ந்திருக்காங்க.”