மேசைமேல் எறும்புத்தின்னி

மாஸ்விங்கோ நகருக்குப் பக்கத்துச் சின்ன நீதிமன்றத்தில், சாட்சிப் பொருளாக வந்த எறும்புத்தின்னி மேசைமேல் பந்தாகச் சுருண்டு கிடக்கிறது. சன்னல் வெயில் பட்டு அதன் செதில்கள் பித்தளைபோல் மின்னுகின்றன. அரசு வழக்கறிஞர் நியாரட்ஸோவுக்கு எரிச்சல் மண்டுகிறது. அதை விற்கப் போனதாகப் பிடிபட்டுக் கூண்டில் நிற்கும் சகனெட்ஸா காலையிலிருந்து ஒரே பாட்டைத்தான் பாடுகிறான். "விக்கிறதா? சத்தியமா இல்லைங்கம்மா! எறும்புத்தின்னி கிடைச்சா தலைவருக்குத்தானே காணிக்கை? அவருக்குத்தான் எடுத்துட்டுப் போனேன்." முன்வரிசையில் சிவப்பு அங்கியும் வெள்ளைத் தொப்பியுமாக உட்கார்ந்திருக்கும் ஊர்த்தலைவர் பூரித்துப்போய்த் தாடியைத் தடவுகிறார். பிடிக்கவே தடையுள்ள விலங்கு; தலைவருக்கே கொடுத்தாலும் குற்றம்தான். அவர் முகத்துக்கு நேரே அதை யார் சொல்வது? "அதோட மூஞ்சியைக் காட்டுங்க," என்கிறார் நீதிபதி. காவலர் வாலைப் பிடித்து இழுக்கிறார். பந்து இன்னும் இறுகுகிறது. அவர் மறுபடி இழுக்க, கூண்டிலிருந்து அலறல் கிளம்புகிறது. "யோவ், மெதுவாய்யா! செதில் உதிர்ந்தா பாதி விலைகூடத் தேறாது!" எறும்புத்தின்னி மெல்ல மூக்கை நீட்டிப் பார்க்கிறது. நியாரட்ஸோ வாயைத் திறக்குமுன் தலைவர் எழுந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்கிறார். "ஏம்ப்பா, என்கிட்ட எவ்வளவு வாங்கலாம்னு இருந்தே?"