ஆடுகளின் கடைசி மேட்ச்

இரண்டாம் டிவிஷன் கால்பந்து லீக்கில் ஆடுகளும் கழுதைகளும் சமமான புள்ளிகளோடு அடியில் கிடந்தன. கடைசி இடத்துக்குப் போகிற அணி மூன்றாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். அங்கே மைதானம் வெறும் செம்மண், மருந்துக்குக்கூட ஒரு புல் கிடையாது. ஆடுகளுக்கு அதுதான் பெரிய கவலை.

கடைசி நாள் ஆடுகள் முயல்களோடும், கழுதைகள் பக்கத்து மைதானத்தில் பன்றிகளோடும் ஆடின. ஆடுகளின் கோல்கீப்பர் செம்பி, ஒரு காக்காயை அங்கும் இங்கும் பறக்கவிட்டு, அந்த ஆட்டத்தையும் விசாரித்துக்கொண்டே இருந்தது.

முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது காக்கா கோல் கம்பத்தில் வந்து உட்கார்ந்தது. இங்கே இன்னும் யாரும் கோல் போடவில்லை.

“கழுதைங்க ஒரு கோல் வாங்கிட்டாங்க, செம்பியக்கா.”

“அப்பாடா, பொழச்சோம். எப்படிடா வாங்கினாங்க?”

“அவங்க கோல்கீப்பர் என் பக்கம் திரும்பி, ‘ஆடுங்க கதை என்னாச்சு’ன்னு கேட்டாரு. அந்த நேரம் பார்த்து பந்து உள்ளே போயிடுச்சு.”

செம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “பந்தை விட்டுட்டு யாராவது காக்காயைப் பார்ப்பாங்களா?” என்று காக்காயைப் பார்த்தே விழுந்து விழுந்து சிரித்தது. முயல் உதைத்த பந்து செம்பியின் வால் ஓரமாக உருண்டு வலைக்குள் போனது.

காக்கா அடுத்த மைதானத்துக்குப் பறந்தது.

“ஆடுங்களும் ஒண்ணு வாங்கிட்டாங்க.”

கழுதை கோல்கீப்பர் மைதானத்துக்கு முதுகைக் காட்டி முழுசாகத் திரும்பிக்கொண்டது.

“அப்படியா? உட்காரு, உட்காரு. எப்படி வாங்கினாங்க, விவரமா சொல்லு.”